கட் சொல்லாதவன்

கதவுக்குப் பின்னால் ஓவர்லாக் மெஷின்கள் ஓடத் தொடங்கிவிட்டன, அப்படியென்றால் பதினேழாவது நிமிடம். துளசிமணியம்மா இப்போது திரையில் பனியன் துணியைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், ஓட்டை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார், அடுத்த துணியை எடுப்பார். நிஜத்திலும் அவருக்கு அதே வேலைதான், திருப்பூரில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங், அதையே படத்திலும் செய்யுங்கள் என்றேன், செய்தார். அந்த நிஜ துளசிமணியம்மா உள்ளே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தன்னைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இந்தப் பிரிவியூ தியேட்டருக்கு வெளியே ரெக்சின் கிழிந்த சோபாவில். என் படம் ஓடும்போது நான் உள்ளே உட்கார்ந்ததே இல்லை, முதல் படத்துக்கும் இல்லை, இரண்டாவதுக்கும் இல்லை, இதோ மூன்றாவது ‘பீஸ் ரேட்’டுக்கும் இல்லை. கேட்டால் ராசி என்று சொல்லிவைக்கிறேன். பயம் என்பதைவிட அது கௌரவமாக இருக்கிறது. கதவோரம் இரண்டு ஜோடிச் செருப்பு. கோயிலுக்குள் போகிற மாதிரி கழற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள், வேண்டாம் போட்டுக்கொண்டே போங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் என் கண் இரண்டாவது ஜோடியிலேயே இருந்தது. ஒரு ஜோடிதான் வந்திருக்க வேண்டும். உங்களுக்கு மட்டும் முதலில் தனியாகப் போட்டுக் காட்டுகிறேன், வாருங்கள் என்றுதான் போனில் சொன்னேன். சரிங்க என்றார். காலையில் பார்த்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு இண்டர்சிட்டி ரயிலின் கசங்கலோடு வாசலில் நிற்கிறார். எங்கூட்டுக்காரரும் பாக்கணும்னாருங்க என்றார். சின்னச்சாமி வெள்ளை வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி சிரித்தார். அந்த மனிதர் பார்க்கக்கூடாத ஒன்று இந்தப் படத்தில் இருக்கிறது. எழுபத்தொன்றாவது நிமிடத்தில், நாற்பத்திரண்டு விநாடி.

அதைப் பற்றி நினைக்கும் முன் வேறு எதையாவது நினைக்கலாம். தண்ணீர் கேன் மேல் கவிழ்த்திருக்கிற எவர்சில்வர் டம்ளரில் யாரோ பெயர் வெட்டியிருக்கிறார்கள், சுவரில் பிள்ளையாரும் வேளாங்கண்ணி மாதாவும் மெக்காவும் ஒரே சட்டத்துக்குள், சினிமாக்காரன் யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டான். நான் கட் சொல்லாதவன். கல்லூரிகளில் கூப்பிட்டுச் சால்வை போடும்போது அப்படித்தான் அறிமுகம் செய்கிறார்கள், மகிமைராஜ் தன் படப்பிடிப்பில் கட் என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை. கைதட்டுவார்கள். உதவி இயக்குநராக ஒன்பது வருடம் கிளாப் பலகை பிடித்தவன் நான். எங்கள் டைரக்டர் கட் என்று கத்துவார், கத்தியதும் நடிகர்களின் முகம் கரண்ட் போன வீடாகிவிடும், அதுவரை அழுதவள் கைப்பேசி எங்கே என்று தேடுவாள். என் முதல் படத்தில் ஒரு வாட்ச்மேன் வேடத்துக்கு நிஜ வாட்ச்மேனையே போட்டேன், மனுஷர் வசனத்தை ஒப்பித்து முடித்தார், எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் கட் சொல்லத் தாமதமாயிற்று. அந்த இடைவெளியில் அவர் காதைச் சொறிந்துகொண்டு தெருவைப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்கு ஆயிரம் வசனம் எழுதினாலும் ஈடாகாது. அன்றிலிருந்து நான் தலையை மட்டும் அசைப்பேன். நடித்தவர் முடிந்துவிட்டது என்று நினைப்பார், கேமராமேன் முடிக்க மாட்டார். அதைப் பாணி என்றார்கள். ஆங்கிலத்தில்கூட ஒருவர் கட்டுரை எழுதினார். என் மனைவி ஜெமிமாவுக்கு மட்டும் அதில் பெரிய மரியாதை இல்லை, உங்களுக்கு எதையும் முடிக்கத் தெரியாது, அதுதான் விஷயம், போன் பேச்சைக்கூட நான் வந்துதான் முடிக்க வேண்டியிருக்கிறது என்பாள். இருக்கலாம். தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வெயில் குளுக்கோஸ் பாட்டிலில் பட்டுச் சுவரில் ஆடியது, நல்ல லைட் என்று நினைத்தேன். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர் சாகிறார், மகன் லைட் பார்க்கிறான். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது கேன்டீன் பாட்டு, இருபத்தொன்பதாவது நிமிடம். சின்னச்சாமி சிரிப்பது கேட்கிறது, தன் மனைவி டிபன் பாக்ஸைத் திறக்கிற விதத்துக்குச் சிரிக்கிறார் போல. நல்ல மனுஷர். துணி லோடு டெம்போ ஓட்டுகிறார், படப்பிடிப்பு நடந்த இருபத்தாறு நாளும் ஓய்வு கிடைத்தால் டெம்போவை ஓரங்கட்டிவிட்டு வந்து நிற்பார். படப்பிடிப்புக்கு முன்பே ஒருநாள் டீ குடிக்கும்போது அவர்தான் சொன்னார், மகள் கோகிலவாணியைப் பெருந்துறைப் பக்கம் கட்டிக் கொடுத்தது, இரண்டாவது வருடமே தீபாவளிக்கு முன்னால் அவள் தன் உயிரை முடித்துக்கொண்டது. “ஒரு வார்த்த சொல்லிருந்தா போதுமுங்க. வண்டிய எடுத்துட்டுப் போயி அப்பவே கூட்டிட்டு வந்திருப்பேன். சொல்லலியே” என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் கையிலேயே வைத்துத் திரிகிறார், யாரிடம் பேசினாலும் கடைசியில் அங்கே வந்து நிற்கிறார். என் கதையிலும் அந்த அம்மாவுக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் கணவன் வீட்டில் செத்தவள். எழுதும்போது எனக்குத் துளசிமணியம்மாவையே தெரியாது. தெரிந்தபிறகு, உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், வேறு ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டேன். பரவால்லைங்க, நானே செய்யறேன் என்றார். கேட்டேன் அல்லவா, அதுவே பெரிய நியாயம் செய்துவிட்டதாக ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். படப்பிடிப்பின் பதினெட்டாம் நாள், மாலை வெயில், தலை சீவுகிற காட்சி. அவர் கட்டிலில், கீழே இளைய மகளாக நடிக்கும் ரோஷிணி. சீவ வேண்டும், சிக்கு எடுக்க வேண்டும், நாளைக்கு வெள்ளென எந்திரி என்று ஒரு வரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் காட்சி. சொன்னார். நான் தலையசைத்தேன். லைட்டுக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். ரோஷிணியின் கூந்தல் இன்னும் அவர் கையில் இருந்தது. அப்புறம் அவர் சீப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நாந்தான் கண்ணு வேண்டாம்னேன். ராத்திரி போன் பண்ணி, அம்மா நான் வந்தர்றேன்னா. தீவாளி நோம்பிக்கு நாலு நாளுதான இருக்குது, முடியட்டும் சாமி, இப்ப வந்தா சனம் பேசுமுன்னேன். சரிம்மான்னு வெச்சுட்டா. உங்கப்பன்கிட்ட நான் இன்னும் சொல்லல.” என் காதில் ஹெட்போன் இருந்தது. அவருடைய ரவிக்கையில் குத்தியிருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை, அணைக்கிற வழக்கம் என் படத்தில் கிடையாது. உங்கப்பன் என்றார், கண்ணு என்றார், கதைக்குள் இருக்கிற அம்மா மகளிடம் சொல்கிற மாதிரியே அச்சாக இருந்தது, ஆனால் நான் எழுதியது இல்லை. ரோஷிணி புத்திசாலி, திரும்பவில்லை. தோள் மட்டும் லேசாக அசைந்தது. நான் கையை உயர்த்தியிருக்கலாம், எழுந்திருக்கலாம், தும்மியாவது இருக்கலாம். இது நிஜம் என்று எனக்குத் தெரிந்தது, அதே நொடியில் ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று மானிட்டரைப் பார்த்தேன். எடிட்டிங்கில் முதல் தடவை ஜெமிமாவுக்குப் போட்டுக் காட்டினேன், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மா எப்படி நடித்திருக்கிறார்கள் என்றாள். ஆமாம் என்றேன். முதல் பொய் அது, ஓரெழுத்துகூடக் கூடுதலாகச் செலவில்லாமல் வந்துவிட்டது. அப்புறம் வெளிநாட்டுத் திரைப்பட விழா ஒன்றிலிருந்து கடிதம், முக்கியப் பிரிவில் எடுத்துக்கொள்கிறோம், குறிப்பாகத் தலை சீவும் காட்சியில் அந்தத் தாய் செய்யும் ஒப்புதலை எங்களால் மறக்க முடியவில்லை. பதினேழு வருடம் காத்திருந்த கடிதம். என் முதல் படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்கள் பதினோரு பேர், அதில் ஒருவர் ஏசிக்காகத் தூங்க வந்தவர். இரண்டாவது படம் பீரோவில் ஜெமிமாவின் பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஹார்ட் டிஸ்க்காக இருக்கிறது, பூச்சி அரிக்காமல் நாப்தலின் உருண்டையும் உண்டு. எனக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த நாற்பத்திரண்டு விநாடியைத் தவிர என் வாழ்க்கையில் உலகம் திரும்பிப் பார்த்தது வேறு எதுவும் இல்லை, அது நான் எடுத்ததும் இல்லை, எடுக்காமல் விட்டதும் இல்லை, நிறுத்தாமல் விட்டது.

அனுமதி கேட்டுவிட வேண்டும் என்று மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பரவால்லைங்க, நிக்கற வேலையில்லைங்களா என்றார். மழை உண்டா என்று கேட்டேன். கடைசியில் நேரில் காட்டிவிட்டுக் கேட்பது என்று முடிவுசெய்தேன், தனியாக வரச் சொன்னேன், இதோ இரண்டு ஜோடிச் செருப்பு. விழாவுக்கு அனுப்ப வேண்டிய பிரதி நாளை மறுநாள் போயாக வேண்டும். இடைவேளைக்குப் பிந்தைய பாதியில் இரண்டு வடிவம் தயாராக வைத்திருக்கிறேன், ஒன்றில் அது இருக்கிறது, இன்னொன்றில் இல்லை, சீப்பு ஓடுகிறது, வெள்ளென எந்திரி என்கிறார், நேராகக் கம்பெனிச் சங்கு. ஆபரேட்டர் ஏகாம்பரம் காலையிலேயே கேட்டார், செகண்ட் ஆஃப் ரெண்டு இருக்கே சார், எது என்று. இருக்கிறதைப் போடுங்கள் என்றேன், அப்போது சின்னச்சாமி வரவில்லை. இப்போது ஐம்பதாவது நிமிடம். இன்னும் இரண்டு நிமிடத்தில் இடைவேளை. அது ஓடினால் ஒரு மனிதர் ஏழு வருடமாகக் கையில் வைத்திருக்கிற ‘ஒரு வார்த்தை’ அவர் முகத்திலேயே விழும், இருட்டில், மனைவியின் பக்கத்தில், அவள் குரலிலேயே. அந்தக் குடும்பம் என்னால் உடையும். ஓடாவிட்டால் என்ன உடையும், என் படம் உடையும். சரி, படம்தானே. படம்தானே என்று நினைக்கிறேன், உடனே எழுந்து தண்ணீர் குடிக்கிறேன், டம்ளரில் வெட்டியிருக்கிற பெயர் ஏதோ சுப்புலட்சுமி.

இடைவேளைக்குக் கதவு திறந்தது. சின்னச்சாமி மட்டும்தான் வந்தார், கழிவறை எங்கே என்று கேட்டார், காட்டினேன். போகாமல் நின்றார். படம் நன்றாக இருக்கிறது என்றார், இவள் இத்தனை பேசுவாள் என்று தனக்கே தெரியாது, வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அந்த மூத்த புள்ள போட்டோவுக்கு மாலை போட்டிருக்கறதப் பாக்கைல எங்க கோகிலா நெனப்பு வந்துருச்சுங்க. ஒரு வார்த்த சொல்லிருந்தான்னா…” முடிக்கவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போனார். உள்ளங்கையில் ஸ்டியரிங் பிடித்த காய்ப்பு இருந்தது, அது என் கையில் கொஞ்ச நேரம் இருந்தது. நான் இரண்டிரண்டு படியாக ஏறி ஆபரேட்டர் அறைக்குப் போனேன். ஏகாம்பரம், இல்லாததைப் போடுங்கள் என்றேன். இல்லாததா சார் என்றார். ஆமாம், சீக்கிரம் என்றேன். ஒன்றும் கேட்காமல் மாற்றினார், முப்பது வருடமாக டைரக்டர்கள் கடைசி நிமிடத்தில் ஓடிவந்து எதையாவது சொல்வதைப் பார்த்தவர். கீழே வந்து உட்கார்ந்தபோது எனக்கு உடம்பு லேசாக இருந்தது. நான் நல்லவன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் எனக்குள் ஒரு பேட்டி ஆரம்பித்துவிட்டது, கேள்வி நானே, பதிலும் நானே. கலையைவிட மனிதர் முக்கியம் என்று முடிவெடுத்தேன் என்கிறேன், கல்லூரி மாணவர்கள் கைதட்டுகிறார்கள், சால்வை வருகிறது. தூ. அந்த அம்மாவின் துக்கத்தை எடுத்தும் பெயர் வாங்கப் பார்த்தேன், எடுக்காமல் விட்டும் பெயர் வாங்கப் பார்க்கிறேன்.

எழுபது. சீப்பின் சத்தம் கதவு வழியாக வராது, எனக்குக் கேட்கிறது. நாளைக்கு வெள்ளென எந்திரி. உடனே சங்கு ஊதியது. இவ்வளவு சீக்கிரமாக ஊதும் என்று தெரிந்தும் திடுக்கிட்டேன். நானாகவே நாற்பத்திரண்டு வரை எண்ணினேன், அவருடைய குரல் எங்கெங்கே இறங்கும், சாமி என்கிற இடத்தில் எப்படி நிற்கும், எல்லாம் மனப்பாடம், எடிட்டிங்கில் நூறு தடவை கேட்டவன். எண்ணி முடித்தபோது படம் எங்கோ முன்னால் போயிருந்தது. இனி இது பரவாயில்லாத படம். நல்ல முயற்சி என்பார்கள். விழாக்காரர்களுக்கு என்ன எழுதுவது, தாங்கள் மறக்க முடியாத காட்சியை மறந்துவிடவும் என்றா. கடைசிப் பாட்டு தொடங்கியது, பெயர்கள் ஓடும், செக்கிங் துளசிமணி என்று அவர் பெயர் முதலில் வரும், அது நான் செய்த மரியாதை. செய்ய முடிந்த மரியாதையெல்லாம் இப்படிப்பட்டதுதான்.

சின்னச்சாமி வெளியே வந்து சந்தோஷமாக ஏதோ சொன்னார், டீக்கடை எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார். செருப்பைப் போட மறந்து பாதியில் திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனார். துளசிமணியம்மா வெறுங்காலோடு கதவில் சாய்ந்து நின்றார். என்னை, துணியைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

“சார், தலை சீவற எடம் அவ்வளவுதானுங்களா?”

நீளம் கருதி என்று ஆரம்பித்தேன், வாய்க்கு வந்தது அதுதான். அவர் கையமர்த்தினார்.

“நான் பேசுனது இல்லீங்களே.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் மைக்கைக் கழற்றும்போது இடுப்பு டப்பாவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்தாராம். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதாராம், ஐயோ பதிஞ்சுருச்சே என்று. நான் கூப்பிட்டுக் கேட்பேன் என்று காத்திருந்தாராம். ஒரு மாதம் போய், இரண்டு மாதம் போய், கேட்டால் அழித்துவிடச் சொல்வது என்றிருந்த நினைப்பு மெல்ல மாறிவிட்டதாம். “மூணு வாட்டி போன் பண்ணீங்க. மூணு வாட்டியும் காலு வலியத்தான் கேட்டீங்க. கேக்காம எடுத்தது தப்புங்க, அத நான் இல்லைங்கல. ஆனா ஏழு வருசமா அந்த மனுசன் சொல்லலியே சொல்லலியேங்கறாரு, நான் பக்கத்துல படுத்துட்டுக் கேட்டுட்டு இருக்கறேன். என் வாயில வர மாட்டேங்குது. சரி, படம் சொல்லிப்போடுமுன்னுதான் அவர இழுத்துட்டு வந்தேன். அவரு வரமாட்டேன்னு நின்னாருங்க, லோடு இருக்குதுன்னு. ஓட்டையிருந்தா ஸ்டிக்கர் ஒட்டறதுதான் என்ற வேல. நீங்க அந்தத் துணியவே ஒளிச்சுப்புட்டீங்க.” படிப்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார், “அவரு வர்றதுக்குள்ள சொல்லுங்க, அது இருக்குதுங்களா, அழிச்சுட்டீங்களா?”

இருக்கிறது என்றேன். அப்பப் போடுங்க என்றார். அவருக்கு எப்படி இருக்கும் என்று இழுத்தேன். “அவருக்குத்தானுங்க போடச் சொல்றேன்” என்றார். “நீங்களும் உள்ள வாங்க. எல்லாரையும் உக்கார வெச்சுப்போட்டு வெளிய நின்னுக்கறீங்க.”

சின்னச்சாமி மூன்று டீயோடு வந்தார். இன்னும் ஒரு துண்டு இருக்குதாமா, அதையும் பாத்துட்டுப் போலாம் என்று துளசிமணியம்மா அவரை உள்ளே அழைத்துப் போனார். தலை சீவுவதிலிருந்து, இருக்கிறதைப் போடுங்கள் என்று ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது ஜோடியாக என் செருப்பைக் கழற்றினேன். அவர்களுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தேன், இருக்கை குளிர்ந்திருந்தது. விளக்கு அணைந்தது. திரையில் அவர் கை சீப்பைப் பிடித்திருந்தது, அதே கை முன்னால் இருட்டில் டீ கப்பைப் பிடித்திருந்தது. வெள்ளென எந்திரி. நாந்தான் கண்ணு வேண்டாம்னேன். நூறு தடவை கேட்ட எனக்கு இப்போதுதான் காது திறந்த மாதிரி இருந்தது. இது நாற்பத்திரண்டு விநாடி இல்லை. எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. சங்கு ஊதியது, படம் தன் பாட்டுக்குப் போனது. சின்னச்சாமியின் தலை திரையைப் பார்த்தபடியே இருந்தது. திரும்பாமலே கேட்டார்.

“எத்தன மணிக்குப் பண்ணுனா?”

“பத்தேகாலுங்க.”

“நான் எங்க இருந்தேன்?”

“தூங்கிட்டு இருந்தீங்க. எழுப்பல.”

சின்னச்சாமியின் கையில் இருந்த டீ கப் மெல்லச் சாய்ந்தது, துளசிமணியம்மா அதை வாங்கித் தரையில் வைத்தார். கம்பெனிக் காட்சியின் வெளிச்சம் இருவர் முகத்திலும் பக்கவாட்டில் விழுந்தது, நீலம், பிறகு மஞ்சள். அவர் வேட்டி நுனியை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். நல்ல லைட் என்று எனக்குள் அந்தப் பழைய புத்தி சொல்ல ஆரம்பித்தது, இங்கேயிருந்து எழுபத்தைந்து எம்.எம். லென்ஸ் போட்டால் போதும், இருவரும் கேமராவை மறந்துவிட்டார்கள், அடுத்து அவர் என்ன சொல்வார் என்று காத்திருக்கலாம். நான் எழுந்தேன். பின்சுவரில் ஆபரேட்டர் அறையின் சின்னக் கண்ணாடிக்கு நேரே கையைத் தூக்கினேன். ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார், என்ன சார் என்று தலையசைத்தார். கட், என்றேன். சத்தம் வரவில்லை, உதடு அசைந்தது, அவருக்குப் புரிந்துவிட்டது. திரை இருண்டது. விளக்கைப் போட வேண்டாம் என்று சைகை காட்டினேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளே பேசுவது கேட்காத தூரம்வரை நடந்து போனேன்.